கிலுகிலுப்பை காட்டும் கை

பனையோலைக் கிலுகிலுப்பையைச் சும்மா படபடவென்று ஆட்டினால் கைக்குழந்தை மிரளும், ரசிக்காது. ஆட்டத் தெரிந்த பாட்டிமார் அவசரப்படுவதே இல்லை. மடியில் கிடத்தி, முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்ல ஒரே ஒரு தரம் குலுக்குவார்கள். உள்ளிருக்கும் பொடிக்கற்கள் காய்ந்த ஓலையில் உரசி 'கிலுக்' என்று ஒலிக்கும். உதைத்துக்கொண்டிருந்த கால்கள் சட்டென்று நிற்கும், கண் தேடும். அப்போது நிறுத்திவிட வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஆசை பிறக்கிறது.

பிறகு பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினால் கண்ணும் கழுத்தும் பின்னாலேயே வரும். 3, 4 மாதத்தில் கை நீட்டத் தொடங்கும் பிள்ளைக்குக் குறி தப்பிக்கொண்டே இருக்கும். கைப்பிடியை உள்ளங்கையில் திணிக்காமல், விரல் நுனியில் லேசாகப் பட வைத்துக் காத்திருப்பதில் இருக்கிறது கைத்திறன். பிடித்ததும் நேரே வாய்க்குப் போகும். ஓலையின் சொரசொரப்பை முதலில் அறிவது ஈறுதான். கை தற்செயலாக அசைந்து சத்தம் வந்ததும் திகைத்து, மறுபடி ஆட்டிப் பார்க்கும் அந்த முகத்துக்கு எவ்வளவு நேரமும் காத்திருக்கலாம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால், வற்புறுத்தாமல் உடனே எடுத்து வைத்துவிடுகிறார்களே, அந்தப் பக்குவமும் சேர்ந்ததுதான் இந்தக் கலை.