கட்டாய வினா

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குத் தாள் 90 மதிப்பெண்ணுக்கு. முதலில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 20. பிறகு இரண்டு, மூன்று, ஐந்து மதிப்பெண் பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஏழு வினாக்களுக்கு விடை எழுத வேண்டும். நடுவில் உள்ள இரண்டு பகுதிகளில், 30ஆவது வினாவையும் 40ஆவது வினாவையும் தவிர்க்க முடியாது. அவை கட்டாய வினாக்கள். பெரும்பாலும் புத்தகத்தில் உள்ளபடியே வராமல் புதிதாக அமைத்துக் கேட்கப்படுபவை. தேர்வு நெருங்கும் மாதங்களில் வகுப்பறைகளில் அடிக்கடி சொல்லப்படும் அறிவுரை ஒன்று உண்டு: "கட்டாய வினா தெரிஞ்சா எழுது, தெரியலன்னா விட்டுடு. மீதியில 85 இருக்கு."

கூட்டிக் கழித்துப் பார்த்தால் அறிவுரை சரிதான். இரண்டும் மூன்றும் ஐந்து மதிப்பெண். அதை விட்டாலும் அகமதிப்பீட்டின் 10 மதிப்பெண்ணோடு சேர்த்து 95 வரை போகலாம். ஆனால் படித்த ஒன்று, படிக்காத ஒன்றின் மீது வேலை செய்வதை ஒரு மாணவர் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் அந்தத் தாளில் அதுதான். கற்பதன் மதிப்பு தானாகத் தெரியவரும் அந்த இடத்தைக் காட்டி, அங்கே போகாதே என்கிறோம். நம் மேல்நிலைப் பள்ளிகளின் தேர்வுப் பயிற்சியை எடைபோட இந்த ஐந்து மதிப்பெண்ணிலிருந்தே தொடங்கலாம்.

காலையில் சிலிப் டெஸ்ட், மதியம் ஒரு மார்க் ஒப்பிப்பு, மாலையில் ஸ்டடி, சனிக்கிழமை ரிவிஷன். தவறினால் பத்து முறை எழுதி வருதல். இந்த முறையை முழுதாகத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீட்டில் படித்தவர் யாரும் இல்லாத பிள்ளைக்குத் தேர்வு ஓர் இருட்டறை. எதைக் கேட்பார்கள், எவ்வளவு எழுத வேண்டும், எங்கே படம் போட வேண்டும் என்று சொல்லித்தர அப்பாவுக்கோ அண்ணனுக்கோ தெரியாது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை இருந்த புளூ பிரிண்டும், புக் பேக் வினாக்களும், மெல்லக் கற்போருக்கென்று ஆசிரியர்களே உட்கார்ந்து தயாரிக்கும் கையேடுகளும் அந்த அறையில் விளக்கேற்றின. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துப் பெண் 35 மதிப்பெண் எடுத்துத் தேறினாள் என்றால், கல்லூரிக்கோ பாலிடெக்னிக்கிற்கோ ஒரு கதவு திறந்தது என்று பொருள். அந்த உழைப்பை மனப்பாடம் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குவது அநியாயம்.

தினமும் தேர்வு வைப்பதிலும் ஆழமான நன்மை ஒன்று இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைப் படித்த மாணவர்களில் ஒரு சாரார் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் நின்றதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். சிலிப் டெஸ்ட் வைக்கும் ஆசிரியர்கள் அனுபவத்தில் கண்டுகொண்டது இதுவே. எழுதிப் பார்ப்பது படித்ததை அளப்பதோடு நிற்பதில்லை, படிப்பின் ஒரு பகுதியாகவும் ஆகிவிடுகிறது.

ஆனால் அந்த ஆய்வில் மாணவர்கள் எத்தனை கருத்துகளை மீட்டுச் சொன்னார்கள் என்று பார்த்தார்கள். நம் பள்ளிகளில் பல இடங்களில் சொல்லை எண்ணுகிறோம். விடைக்குறிப்பில் உள்ள வாக்கியம் அப்படியே வந்திருக்கிறதா, அடிக்கோடு போட்ட சொல் இருக்கிறதா என்று தேடுகிறோம். தன் சொந்த வாக்கியத்தில் சரியாக எழுதிய மாணவருக்கு அரை மதிப்பெண் குறைந்தால், அடுத்த வாரமே அவர் புத்தக வாக்கியத்துக்குத் திரும்பிவிடுகிறார். அவர் அறிவுள்ளவர் என்பதால்தான் அவ்வளவு சீக்கிரம் திரும்புகிறார்.

இதைவிடப் பெரிய சேதம் பதினொன்றாம் வகுப்பில் நடந்தது. பல தனியார் பள்ளிகள் ஜூன் மாதமே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கி, ஒரே பாடத்தை இரண்டு ஆண்டு ஓட்டின. இதன் விளைவைக் காண இன்றைய கணக்குப் புத்தகத்தின் பொருளடக்கமே போதும். பன்னிரண்டாம் வகுப்பில் அணிகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள் என்று வரிசையாக வரும். அணி என்றால் என்ன, எல்லை என்றால் என்ன, வகையிடல் எங்கிருந்து வந்தது என்பதெல்லாம் பதினொன்றாம் வகுப்பு இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. அதைத் தாண்டி வந்தவர், என்னவென்றே தெரியாத ஒன்றின் பயன்பாட்டைப் படிக்கிறார். சூத்திரம் கைக்கு வரும். அது ஏன் பிறந்தது என்பது வராது.

தொட்டுப் பார்க்கும்படியாக ஒரு கணக்கைச் சொல்கிறேன். 40 மீட்டர் கம்பி வேலி இருக்கிறது. அதைக் கொண்டு செவ்வகமாக எவ்வளவு பெரிய தோட்டத்தை வளைக்கலாம்? வழக்கமான கணக்கு. பக்கம் 10 மீட்டர் கொண்ட சதுரம், 100 சதுர மீட்டர். நாலு சிலிப் டெஸ்ட் எழுதிய யாரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். இப்போது தோட்டத்தின் ஒரு பக்கம் ஏற்கெனவே காம்பவுண்டு சுவர் இருக்கிறது, அங்கே வேலி வேண்டாம் என்று ஒரு வரி சேர்ப்போம். விடையை மட்டும் மனத்தில் வைத்திருப்பவர் 'சதுரம்' என்று பிடித்துக்கொண்டு 40ஐ மூன்றால் வகுப்பார். சுமார் 178 சதுர மீட்டர் கிடைக்கும். வழியைக் கற்றவர் அகலம் x, நீளம் 40−2x என்று வைத்து, பரப்பை வகையிட்டுச் சுழியாக்குவார். அகலம் 10, நீளம் 20, பரப்பு 200. சதுரம் தோற்றுப்போகிறது.

ஏன் தோற்றது என்று கேட்க ஒரு மாணவருக்கு நேரம் கிடைத்தால், இன்னும் ஓர் அழகு காத்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கமும் இதே போன்ற தோட்டம் ஒன்று இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் சேர்த்து வேலி 80 மீட்டர். பெரிய செவ்வகம் 20க்கு 20 என்ற சதுரம். அதில் பாதிதான் நம் தோட்டம். தோற்றதாக நினைத்த சதுரம் சுவருக்குப் பின்னால் பாதியை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறது! இந்தக் கடைசி அடிக்கு எந்த விடைக்குறிப்பிலும் மதிப்பெண் இல்லை. ஆனால் பதினாறு வயதில் இதைத் தானே கண்டவருக்குப் 'படிப்பு எதற்கு' என்று யாரும் உபதேசிக்க வேண்டியதில்லை. இதற்கு ஆகும் நேரம் ஒரு பாடவேளைதான். அந்த ஒரு பாடவேளையைத்தான் இருபதாவது ரிவிஷனுக்குக் கொடுத்துவிடுகிறோம்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2017இல் மாநில ரேங்க் அறிவிப்பு நின்றது. 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆனது. 2018-19இல் புதிய பாடநூல்கள் வந்தன. பதினொன்றைத் தாண்டிப் போவதைப் பொதுத்தேர்வு ஓரளவு தடுத்தது. அதற்குரிய விலையையும் பிள்ளைகள் கொடுத்தார்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து பொதுத்தேர்வு. பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் உயர்கல்விச் சேர்க்கைக்குக் கணக்கில் வராது என்று 2018இலேயே அறிவித்த பிறகும் பயம் மட்டும் தங்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டது. நீக்கியது சரி என்றே நினைக்கிறேன். நீட் கேள்விகள் இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வருவதால் பதினொன்றாம் பாடம் முன்புபோல முற்றிலும் கைவிடப்படாது. ஆனால் அங்கே திரும்பி வருவது பெரும்பாலும் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேகப் பயிற்சி.

ஆக, பதினொன்றாம் வகுப்பு இப்போது மேல்நிலைக் கல்வியில் கிடைத்திருக்கும் வெற்று நிலம். அதில் பன்னிரண்டாம் பாடத்தை விதைக்கும் ஆசை பள்ளிகளுக்கு மறுபடி வரும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் எந்தப் பாடம் நடக்கிறது என்று வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிலிப் டெஸ்ட் இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு கேள்வி மட்டும், நடத்திய பாடத்திலிருந்தே, ஆனால் சுவர் சேர்த்த வேலிக் கணக்குபோல, எங்கும் எழுதி வைக்கப்படாததாக இருக்கட்டும். விடை தவறினாலும் போன வழிக்கு மதிப்பெண் கொடுக்கலாம். எந்தக் கல்லூரியும் பார்க்காத மதிப்பெண்தானே.

முதல் தலைமுறை மாணவருக்கு இது பாரமாகாதா என்பார்கள். திடீரென்று பொதுத்தேர்வில் வைத்தால் நிச்சயம் பாரம்தான். டியூஷனுக்கு வழியுள்ளவர் தப்புவார், மற்றவர் மாட்டுவார். அதனால்தான் ஓராண்டு முன்பே, இழப்பில்லாத இடத்தில், அரசுப் பள்ளியில் முதலில் தொடங்க வேண்டும் என்கிறேன். அப்படிப் பழகிய ஒரு தொகுதி மாணவர்கள் வந்த பிறகு, கணக்குத் தாளின் கட்டாய வினாக்களை 5 மதிப்பெண்ணிலிருந்து 15 ஆக்கலாம். அப்போது "விட்டுடு, மீதியில 75 இருக்கு" என்று சொல்ல எந்த ஆசிரியருக்கும் துணிவு வராது.