கச்சேரிக்கு முன்னால் ஓர் அடை அவியல்

அம்மா பிறந்தது மார்கழியில். சென்னை இசை சீசன் பட்டியல் பேப்பரில் வந்ததும் தன் பிறந்தநாளுக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாள். புடவையெல்லாம் அப்புறம். யார் பாடுகிறார், எந்த சபா, எத்தனை மணிக்கு என்பது முடிவானால் எனக்கு மிஞ்சுவது ஒரே கேள்வி: போகும் வழியில் எங்கே சாப்பிட வைப்பது?

இந்தக் கேள்வியில் நான் ஒருமுறை சுத்தமாகக் கோட்டைவிட்டேன். அவளுக்கு எழுபது முடிந்த வருடம். ஏழு மணிக் கச்சேரி. பெயர் பெற்ற ஒரு பெரிய ஹோட்டலில் பஃபேக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஆறரை மணிக்குத்தான் பாத்திரங்களின் மூடியையே திறந்தார்கள். அள்ளிப் போட்டுக்கொண்டோம். பில் வர நேரமானது, வந்த பிறகு கார்டு மெஷினுக்கு சிக்னல் இல்லை. சபா வாசலை அடைந்தபோது உள்ளே இரண்டாவது கிருதி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை கதவுக்கு வெளியே நின்றோம். உள்ளே போய் உட்கார்ந்ததும், மூன்று இனிப்பும் ஒரு பிரியாணியும் சாப்பிட்டிருந்த அப்பா, பிரதான ராகம் ஆரம்பிக்கும்போது பக்கத்து சீட்டுக்காரர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அம்மா எதுவும் சொல்லவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் ஒன்றே ஒன்று கேட்டாள்: “வர்ணம் என்ன ராகம்டா?”

அன்றிலிருந்து நான் ஹோட்டலைத் தேடுவது கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டித்தான். ஏழு மணிக் கச்சேரி என்றால் ஆறே முக்காலுக்கு சீட்டில் இருக்க வேண்டும். ஆறே காலுக்கு ஹோட்டலை விட்டு இறங்க வேண்டும். ஆறு மணிக்கு காபி, அதோடு பில். ஆக, ஐந்தே காலுக்குள் மேஜையில் உட்கார்ந்தாக வேண்டும். ஐந்தே காலுக்குச் சென்னையில் எந்த ஹோட்டலிலும் ராச்சாப்பாடு கிடையாது. டிபன்தான். பிறந்தநாள் டின்னர் என்று மனதில் இருக்கும் படத்தை இந்த இடத்தில் கிழித்துப் போட்டுவிடலாம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. சாயங்கால டிபனுக்கு இணையாக இந்த ஊர் ராத்திரிக்கு எதையும் கண்டுபிடித்ததாக நான் நினைக்கவில்லை.

அடுத்து தூரம். மியூசிக் அகாடமியில் கச்சேரி என்றால் நடந்துபோகிற தூரத்திலேயே டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில் நியூ உட்லண்ட்ஸ் இருக்கிறது. 1938இல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸைத் தொடங்கிய கிருஷ்ணா ராவ் பிறகு மயிலாப்பூரில் உருவாக்கிய இடம். ஒரு காலத்தில் இந்தப் பேச்சுக்கே இடம் இருக்காது. அகாடமிக்கு முன்னால் எங்கே என்றால் டிரைவ்-இன் என்பதுதான் பதில். அதே கிருஷ்ணா ராவின் டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் கதீட்ரல் சாலையில் 1962இல் வந்தது. அகாடமியின் இப்போதைய அரங்கம் திறந்ததும் அதே 1962இல்தான். நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் இரண்டும் அக்கம்பக்கமாக வாழ்ந்தன. 2008இல் டிரைவ்-இன்னை மூடினார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த வழியாகப் போகும்போது அப்பாவின் கை தன்னிச்சையாகக் காரை உள்ளே திருப்பப் பார்க்கும்.

மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் கச்சேரி என்றால் பாரதிய வித்யா பவனிலிருந்து கற்பகாம்பாள் மெஸ் கூப்பிடு தூரம். இரண்டும் கிழக்கு மாடவீதியில். தி.நகர் வாணி மகாலில் நாடகம் என்றால் ஜி.என். செட்டி சாலையைச் சுற்றிக் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் ஒரு டிபன் கடையில் முட்டிக்கொள்ளலாம். எழும்பூர் மியூசியம் தியேட்டரில் ஆங்கில நாடகம் பார்க்கப் போகிறவர்கள், வீட்டில் அசைவம் உண்டு என்றால், அண்ணா சாலை புகாரியை யோசிக்கலாம். சிக்கன் 65 பிறந்ததே எங்கள் அடுப்பில்தான் என்று 1951இலிருந்து இருக்கும் அந்த ஹோட்டல் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அங்கிருந்து தியேட்டருக்கு வண்டி வேண்டும். வண்டி வேண்டும் என்றால் கணக்கில் இன்னும் இருபது நிமிஷம் கூட்டிக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலை யாருக்கும் உறவில்லை.

பிரபலமான கடைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. திருவல்லிக்கேணி ரத்னா கஃபேயில் இட்லி தெரியாத அளவுக்கு சாம்பாரை ஊற்றுவார்கள். ஊற்ற ஊற்றச் சாப்பிடுகிற சுகம் எனக்குத் தெரியும். மயிலாப்பூர் ராயர் மெஸ்ஸின் பொங்கலுக்காக விடியற்காலையில் எழுந்து போனவன் நான். ஆனால் அங்கே பந்தி பந்தியாகத்தான் உட்கார வைப்பார்கள். முந்தின பந்தி எழும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலைக்கு அந்தக் காத்திருப்பும் ருசியில் சேர்த்தி. கச்சேரி டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முட்டி வலிக்கிற எழுபத்தைந்து வயது அம்மாவை நிற்க வைத்துக்கொண்டு, அது ருசிக்காது. பிறந்தநாளுக்கு உரியவர் யாரோ அவருடைய முழங்காலையும் காதையும் கேட்டுக்கொண்டு ஹோட்டலைத் தேர்ந்தெடுங்கள். படி எத்தனை, கழிவறை எந்தப் பக்கம், பாட்டுப் போட்டு அலறவிடுகிறார்களா. சமையல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இவை சரியாக இருந்தால் சாயங்காலம் தப்பித்துவிடும்.

முந்தின நாளே போன் போட்டுவிடுவது நல்லது. பல டிபன் ஹோட்டல்களில் மேஜை பிடித்து வைக்கமாட்டார்கள். ஆனாலும் ஐந்து மணிக்குக் கூட்டம் எப்படி என்று சொல்லிவிடுவார்கள். உட்கார்ந்தவுடன் சர்வரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள்: “அம்மாவுக்குப் பிறந்தநாள், ஏழு மணிக்குக் கச்சேரி, ஆறு மணிக்கு பில் வேணும்.” மார்கழியில் மயிலாப்பூர் சர்வர்களுக்கு இது பழகின பாஷை. போன வருடம் எங்களுக்குப் பரிமாறியவர், யார் பாடுகிறார் என்று கேட்டுவிட்டு, “அப்ப நெய் ரோஸ்ட் வேணாம்மா, லேட்டாகும். அடை கல்லுல இருக்கு” என்றார். அம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

அடையை எப்படிச் சாப்பிடுவது என்று ஒரு மயிலாப்பூர்க்காரிக்குச் சொல்லித்தர முடியாது. ஆனால் அவள் சாப்பிடுவதைப் பார்த்து நான் கற்றுக்கொண்டேன். முதலில் ஓரம். எண்ணெய் விட்ட இடத்தில் முறுகி, கடலைப்பருப்பு பல்லில் கடிபடும் பழுப்பு விளிம்பு. அதை எதுவும் தொட்டுக்கொள்ளாமல் வெறுமனே தின்ன வேண்டும். நடுவில் மெத்தென்று தடிமனாக இருக்கும் பாகத்துக்குத்தான் அவியல். அவியல் தளரத் தளர இருந்தால் அடை சொதசொதத்துப் போகும். காயோடு தேங்காய் ஒட்டிக்கொண்டு, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய் வாசனை தனியாக எழும்ப வேண்டும். வெல்லமும் வெண்ணெயும் தட்டின் ஓரத்தில் இருந்தால் கடைசித் துண்டு அவற்றுக்கு. இதையெல்லாம் பேசிக்கொண்டே, அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு அவள் ஓர் அடை சாப்பிட்டாள். ஒன்றே ஒன்று. இரண்டாவதை நான் ஆர்டர் செய்யப் போனபோது கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

முக்கால் வயிறு கூட அதிகம். கச்சேரிக்கு அரை வயிறுதான் சரி. ஏசி அரங்கில், மெத்தை நாற்காலியில், நிதானமான ஓர் ஆலாபனைக்கு எதிரே நிரம்பிய வயிறு நிற்க முடியாது. சோலா பட்டூரா வேண்டாம். வெங்காயப் பச்சடி வேண்டவே வேண்டாம். பக்கத்து சீட்டில் இருப்பவரும் டிக்கெட் வாங்கித்தான் வந்திருக்கிறார். தண்ணீரையும் அளவாக. காபி மட்டும் கட்டாயம். அன்று டபராவில் ஊற்றி ஆற்றும்போது மணியைப் பார்த்தேன்: ஐந்து ஐம்பத்தெட்டு.

கேக் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். டிபன் ஹோட்டல் மேஜையில் மெழுகுவத்தி ஏற்றி, பக்கத்து மேஜைக்காரர்களும் கைதட்ட வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கி, பிளாஸ்டிக் கத்தியால் கேக் வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அசோகா இருக்கிறது. திருவையாற்றுக்காரர்கள் பாசிப்பருப்பில் செய்து கொடுத்த அல்வா. தியாகராஜர் ஊர் இனிப்பை விடக் கச்சேரி நாளுக்குப் பொருத்தமானது எது? அதையும் அங்கேயே தின்னவில்லை. பார்சல் கட்டச் சொல்லி, பில்லோடு அம்மாவின் கைப்பைக்குள் போட்டேன்.

ஆறு நாற்பதுக்கு அரங்கில் இருந்தோம். தம்பூராவுக்குச் சுருதி சேர்க்கும் சத்தமே காதில் விழுந்தது. இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை. அப்பா விழித்திருந்தார். முக்கியமான விஷயம் எட்டேகாலுக்கு மேல் நடந்தது. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் வழக்கம்போல வரிசை வரிசையாக ஆட்கள் எழுந்து கேன்டீன் பக்கம் போனார்கள். மிருதங்கக்காரர் தலை நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தார். பசி என்ற ஒன்று இல்லாததால் நாங்கள் மூவரும் எழவில்லை. அம்மா தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்தாள். மிருதங்கமும் கடமும் மாறி மாறிக் கேள்வி கேட்டுக் குறைத்துக் குறைத்துக் கொண்டுவந்து மோராவில் போய் விழுந்த இடத்தில், அவள் கையும் சரியாக விழுந்தது. திரும்பி என்னைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து பத்தேகாலுக்கு அசோகாவைப் பிரித்தோம். பட்டர் பேப்பரையும் தாண்டி நெய் கசிந்திருந்தது. கூடவே இருந்த ஹோட்டல் பில்லின் பின்பக்கம் முழுக்க அம்மாவின் கையெழுத்து. இருட்டில் எழுதியதால் வரிகள் மேலும் கீழும் ஓடின. முதல் வரி: வர்ணம் – கானடா. நாலாவது வரியில் நெய் ஊறி மை கலைந்து, “ரி” என்று முடிவது மட்டும் தெரிந்தது. அது சாவேரியா, கௌரியா, பேகடாவுக்குப் பிறகு பாடியது எது என்று அம்மாவும் அப்பாவும் படுக்கப் போகும்வரை சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.