சாம் லீயும் நைட்டிங்கேலும்

ஆங்கில நாட்டுப்புறப் பாடகர் சாம் லீ, வசந்தகால இரவுகளில் ரசிகர்களைத் தென் இங்கிலாந்தின் புதர்க்காடுகளுக்குக் கூட்டிப்போகிறார். நைட்டிங்கேல் பாட, இருட்டில் அவரும் சேர்ந்து பாடுகிறார். பதிவுகளைக் கேட்டபோது முதலில் எரிச்சல்தான் வந்தது. இணையைத் தேடிப் பாடும் பறவையைப் பக்கவாத்தியமாக்குவதா?

1924-இல் பீட்ரிஸ் ஹாரிசன் தன் தோட்டத்து நைட்டிங்கேலுடன் செல்லோ வாசித்ததை பிபிசி நேரலையாக ஒலிபரப்பியது. அன்று அது அதிசயம். இன்றோ, கடந்த அரை நூற்றாண்டில் மட்டும் பிரிட்டனின் நைட்டிங்கேல்களில் சுமார் 90 சதவீதம் போய்விட்டன. லீ பாடுவது அந்த மிச்சத்தோடு.

போகப்போகத்தான் பிடிபட்டது. லீ, ஸ்காட்லாந்தின் நாடோடிச் சமூகப் பாடகர் ஸ்டான்லி ராபர்ட்சனிடம் நேரில் பாட்டுக் கற்றவர். ராபர்ட்சன் 2009-இல் இறந்தார். இளம் நைட்டிங்கேலும் மூத்த ஆண் பறவைகளைக் கேட்டே பாடக் கற்கிறது. இரண்டுமே கேட்டுக் கேட்டு வருகிற கலை. மூத்தவர்கள் போனால் ஒலிப்பதிவு மிஞ்சும், மரபு மிஞ்சாது.

ஆனால் பாட்டைக் காப்பாற்ற யாராவது பாடினால் போதும். பறவைக்கு அடர்ந்த முட்புதர் வேணும். லீ உருகிப் பாடும்போது எனக்கு இது மறந்துபோகிறது. அவர் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்போது, பறவை மறுபடி தொடங்குமா என்று நானும் பதறுகிறேன். அந்த மௌனம்தான் இந்தக் கச்சேரியின் உச்சம்.