உலாவியை ரசிப்பது எப்படி: முகவரிப் பட்டைக்கு ஒரு வக்காலத்து

கணினியோடு வந்த உலாவியையே, வந்த நாளின் அமைப்பிலேயே, கணினி பழுதாகும்வரை வைத்துக்கொண்டு, "நெட் ஸ்லோ" என்று இணைப்பின் மேல் பழிபோடும் வழக்கம் படித்தவர் வீடுகளிலும் வேரூன்றிவிட்டது. புதுத் தொலைக்காட்சியின் நிறத்தையும் ஒலியையும் அரைமணி நேரம் திருத்திப் பார்க்கிறவர்களே, அதைவிட அதிக நேரம் கண்ணெதிரே இருக்கும் உலாவியின் அமைப்புப் பக்கத்தை ஒருமுறையும் திறப்பதில்லை. கேட்டால், அது கம்ப்யூட்டர் படித்தவர்களின் வேலை என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். சமையலறை அடுக்கைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளத் தெரிந்த எவருக்கும் இது தெரியாமல் போக நியாயமே இல்லை.

அடிப்படைகளை விரைவாகச் சொல்லிவிடலாம். தொலைவில் உள்ள கணினியிலிருந்து ஒரு பக்கத்தின் நிரலை வாங்கி, அதை எழுத்தாகவும் படமாகவும் திரையில் வரைந்து காட்டும் மென்பொருளே உலாவி. வரையும் பகுதிக்கு எஞ்சின் என்று பெயர். பரவலாகப் புழங்கும் எஞ்சின்கள் மூன்றுதான்: குரோமில் உள்ள பிளிங்க், ஃபயர்ஃபாக்ஸில் உள்ள கெக்கோ, ஆப்பிளின் சஃபாரியில் உள்ள வெப்கிட். ஓபரா 2013இலும், மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 2020இலும் தங்கள் சொந்த எஞ்சினைக் கைவிட்டு குரோமின் வழிக்கு வந்துவிட்டன; பிரேவும் விவால்டியும் அதே குடும்பம்தான். ஆகவே ஐந்தாறு உலாவிகளை நிறுவிப் பார்த்து நாளை வீணாக்குவதைவிட, குரோம் குடும்பத்தில் ஒன்றையோ ஃபயர்ஃபாக்ஸையோ எடுத்துக்கொண்டு அதைத் திருத்துவதில் கவனம் வைப்பது மேல். விளம்பரம் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை, அதாவது உலாவியோடு ஒட்டிக்கொள்ளும் சிறு துணை மென்பொருளை, ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவில் சேர்க்கலாம். குரோமில் இப்போது அதன் சுருங்கிய லைட் வடிவம் மட்டுமே. நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய கணினி என்றால், பார்க்காமல் கிடக்கும் டேப்களைத் தூங்கவைக்கும் வசதியை இயக்கிவிட வேண்டும். ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் நினைவகத்தை விழுங்குகிறது என்ற பட்டியல் வந்துவிடும். தேர்வைப் பற்றி இவ்வளவு போதும்.

விமர்சகர்கள் இங்கேயே கூடாரம் அடித்துவிடுகிறார்கள். ஸ்பீடோமீட்டர் என்ற வேகச் சோதனையின் மூன்றாம் பதிப்பு, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா ஆகியவற்றின் கூட்டுழைப்பில் 2024இல் வெளிவந்தது. உலாவி எழுதும் பொறியாளர்களுக்கு அது அருமையான கருவி. அந்த மதிப்பெண்ணைப் பரீட்சை முடிவு போல வாசித்து, இந்த உலாவி வென்றது, அந்த உலாவி தோற்றது என்று காணொளி போடுவது மேம்போக்கான வேலை. வங்கியின் பெயரைத் தேடுபொறியில் இட்டு, முடிவுப் பக்கம் வரும்வரை காத்து, மேலே உள்ள விளம்பரங்களைத் தாண்டி, மூன்றாவது இணைப்பைச் சொடுக்குகிறவருக்கு, மில்லிவினாடி மிச்சத்தால் என்ன லாபம்? அவர் ஒரு முழுப் பக்கத்தை வீணாகத் திறந்துகொண்டிருக்கிறார், நாள்தோறும்.

உலாவியை ரசிக்கக் கற்பவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டிய பாகுபாடு இங்கேதான் தொடங்குகிறது. போவது வேறு, தேடுவது வேறு. எங்கே இருக்கிறது என்று தெரிந்த இடத்துக்கு நேராகச் செல்வது போவது. எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒன்றை ஊரெல்லாம் விசாரிப்பது தேடுவது. வீட்டுப் பயன்பாட்டைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பங்கு போவதுதான்: மின்கட்டணம், ரயில் முன்பதிவு, மின்னஞ்சல், வழக்கமான நாளிதழ், பிள்ளையின் பள்ளிப் பக்கம். தெரிந்த இடங்களுக்கே நாள்தோறும் விசாரித்துக்கொண்டு போவதைத்தான் மக்கள் இணையத்தின் மெதுவேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இந்தப் பாகுபாட்டின் தலைவிதி 2008ஆம் ஆண்டில் முடிவானது. அந்த ஜூனில் வெளியாகி, 24 மணி நேரத்தில் 80 லட்சம் முறை பதிவிறக்கப்பட்டு கின்னஸ் சாதனை படைத்த ஃபயர்ஃபாக்ஸ் 3, முகவரியைத் தட்டும் இடமான முகவரிப் பட்டைக்கு நினைவாற்றலைக் கொடுத்தது: முகவரியின் நடுவிலுள்ள சொல்லையோ பக்கத்தின் தலைப்பையோ ஒரு துண்டு தட்டினாலும், முன்பு போன பக்கத்தை அது எடுத்துக் காட்டியது. பழக்கம் மாறியதில் எரிச்சலுற்றவர்களுக்காகப் பழைய தோற்றத்தைத் திருப்பித் தரும் நீட்சிகள்கூட வந்தன. செப்டம்பரில் வந்த குரோமோ, போவதற்கும் தேடுவதற்கும் ஒரே பெட்டி போதும் என்று முடிவுகட்டியது. எளிமை என்று உலகம் அதைக் கொண்டாடியது. ஃபயர்ஃபாக்ஸும் 2017 நவம்பரில் வந்த 57ஆம் பதிப்பில் புதியவர்களுக்குத் தனித் தேடல் பெட்டியைக் காட்டாமல் விட்டுவிட்டது. பெட்டி ஒன்றானதும் இரண்டு செயல்களும் மனத்திலும் ஒன்றாகிவிட்டன என்பதைப் பாராட்டியவர்கள் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

முகவரிப் பட்டையின் நினைவு எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தால் ரசனை பிறக்காமல் இருக்காது. ஃபயர்ஃபாக்ஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் பயனர் எத்தனை முறை போனார், எவ்வளவு அண்மையில் போனார் என்ற இரண்டையும் கலந்து ஒரு மதிப்பெண் இடுகிறது. பல ஆண்டுகள் நடப்பில் இருந்த கணக்கின்படி, கடந்த நான்கு நாட்களுக்குள் சென்ற வருகைக்கு எடை 100, பதினான்கு நாட்களுக்குள் என்றால் 70, 31 நாட்களுக்குள் 50, தொண்ணூறு நாட்களுக்குள் 30, அதற்கும் பழையதற்கு 10. இதைவிடச் சுவையான பகுதி அடுத்தது: வேறொரு பக்கத்தில் கண்ட இணைப்பைச் சொடுக்கிப் போன வருகைக்கு 100 என்றால், பட்டையில் தானே தட்டிப் போன வருகைக்கு 2000. இருபது மடங்கு! தானாக நினைத்துப் போன இடத்துக்கும் போகிற போக்கில் நுழைந்த இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வளவு நுட்பமாக மதித்த மென்பொருள்கள் அரிது. இதற்கு மேல், எந்த எழுத்தைத் தட்டிவிட்டு எந்தப் பக்கத்தைத் தேர்ந்தார் என்பதையும் அது தனியே குறித்துக்கொள்வதால், சில வாரங்களில் ஒரே எழுத்துக்கு உரிய பக்கம் முதல் வரியில் வந்து நிற்கிறது. வாடிக்கையாளர் வாயைத் திறக்கும் முன்பே பொட்டலம் கட்டத் தொடங்கும் மளிகைக்கடை அண்ணாச்சியைப் போல.

இப்படித் தேடிச் சேர்த்த அறிவைத்தான் "ஹிஸ்டரியை கிளீன் பண்ணுங்க, ஸ்பீட் கூடும்" என்ற அறிவுரையைக் கேட்டு மக்கள் வாரந்தோறும் துடைத்தெறிகிறார்கள். வரலாற்றை அழித்தால் வேகம் கூடாது. முகவரிப் பட்டை மட்டும் முட்டாளாகும். கேஷ் என்பது ஒருமுறை இறக்கிய படங்களையும் நிரல்களையும் மறுமுறைக்காகக் கணினியிலேயே வைத்திருக்கும் சேமிப்பு என்பதால், அதை அடிக்கடி அழிப்பவர் அதே சுமையை மீண்டும் இறக்கிக்கொள்கிறார். ஒரு பக்கம் கோணல்மாணலாகத் தெரிந்தால் மட்டும் அதை அழிப்பதில் பொருள் உண்டு.

போவதையும் தேடுவதையும் பிரித்துவைப்பது எளிது. ஃபயர்ஃபாக்ஸில் கருவிப்பட்டையை மாற்றியமைக்கும் பக்கத்துக்குச் சென்றால் தனித் தேடல் பெட்டியைத் திரும்பக் கொண்டுவரலாம். முகவரிப் பட்டையில் தேடுபொறியின் பரிந்துரைகள் வருவதை அமைப்புகளுக்குள் தேடல் என்ற பகுதியில் நிறுத்தலாம். நிறுத்தினால், தட்டத் தட்ட எழுத்துகள் தேடுபொறிக்குப் போவதும் நின்றுவிடும். கன்ட்ரோலும் எல்லும் போவதற்கு, கன்ட்ரோலும் கே-யும் தேடுவதற்கு. இரண்டே நாளில் விரல்கள் கற்றுக்கொள்ளும். பட்டையில் நட்சத்திரக் குறியோடு ஓர் இடைவெளி விட்டுத் தட்டினால் புத்தகக்குறிகளில் மட்டும், சதவீதக் குறியிட்டால் திறந்துள்ள டேப்களில் மட்டும், மேல்நோக்கிய கூர்க்குறியிட்டால் வரலாற்றில் மட்டும் துழாவும். தவறான முகவரி ஒன்று ஓயாமல் முந்திக்கொண்டு வந்தால், அம்புக்குறியால் அதன்மேல் நின்று ஷிஃப்ட்டையும் டெலிட்டையும் அழுத்த வேண்டும், அது மறைந்துவிடும். குரோம்காரர்களுக்குத் தனிப் பெட்டி கிடையாது என்றாலும், அட் குறியோடு ஆங்கிலத்தில் ஹிஸ்டரி, புக்மார்க்ஸ், டேப்ஸ் என்று தட்டினால் ஓரளவு இதே பயன் கிட்டும்.

இதெல்லாம் பழம்பஞ்சாங்கம் என்பவர்கள் உண்டு. 2025இல் வெளிவந்த காமெட், அட்லஸ் முதலான செயற்கை நுண்ணறிவு உலாவிகளில், கேட்டால் போதும், போக வேண்டியதே இல்லை என்பது அவர்களின் வாதம். தேடலில் அவை உதவக்கூடும். ஆனால் மின்கட்டணம் கட்ட வேண்டியவர் ஒரு விடையைக் கேட்கவில்லை. ஒரு குறிப்பிட்ட பக்கத்தைக் கேட்கிறார். மேலும் வங்கி, ரயில் போன்றவற்றை நாள்தோறும் தேடிப் போகும் பழக்கம் இருக்கும்வரை, அசல் போலத் தோன்றும் போலிப் பக்கம் ஒன்று முடிவுப் பட்டியலில் காத்திருக்கக்கூடும். முன்பு போன முகவரிக்கே மீண்டும் போகிறவருக்கு அந்தக் கண்ணி குறுக்கே வருவதில்லை.

இனி சொல்லப்போவதைச் சற்றுத் தணிந்த குரலில்தான் சொல்ல வேண்டும், ஏனெனில் தொழில்நுட்பம் எழுதுவோர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனிச் சுயவிவரம், அதாவது வரலாறும் புத்தகக்குறியும் கலக்காத தனி அறை, அமைத்துக் கொடுத்தபின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து புத்தகக்குறிகளின் பெயர்களை மாற்றிப் பாருங்கள். நிறுவனங்கள் வைக்கும் நீளத் தலைப்புகளை அழித்துவிட்டு, வீட்டில் வழங்கும் பெயரையே இட வேண்டும்: கரன்ட் பில், கேஸ், பெரியவன் ஸ்கூல், ஊருக்கு டிக்கெட். முகவரிப் பட்டை அந்தப் பெயரிலும் துழாவும் என்பதால், தமிழ் விசைப்பலகையில் "கர" என்று தட்டியதும் மின்கட்டணப் பக்கம் வந்து நிற்கும். முகவரிகளை ஆங்கிலத்தில்தான் இட வேண்டும் என்ற அச்சத்தாலேயே கணினிக்கு எட்ட நின்ற பெரியவர்கள், இந்த ஒரு மாற்றத்துக்குப் பின் தாமாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். பெயரிடும் பொறுப்பை மட்டும் அவர்களிடமே விட்டுவிட வேண்டும். முக்கியம், முக்கியம் 2, புதுசு என்றெல்லாம் பெயர் வைக்கும் இளையவர்களுக்கு எந்த உலாவியாலும் உதவ முடியாது.