நீராவிக்கு யார் கூலி கொடுப்பது?

திருப்பூரை அடுத்த நெருப்பெரிச்சலில் நீராவி வேடிக்கைப் பொருள் அல்ல. துணிக்குக் காலண்டரிங் போட, காம்பாக்டிங் செய்ய, தைத்து முடித்த பனியனுக்கு அயர்ன் போட எல்லாவற்றுக்கும் அது வேண்டும். திருப்பூர் சுற்றுவட்டாரத்துச் சாயப்பட்டறைகளில் விறகு போட்டு எரிக்கும் பாய்லர்கள் ராப்பகலாக ஓடுகின்றன. உப்புத் தண்ணீர் ஏற்றினால் குழாயில் படிவு கட்டும், படிவு கட்டினால் விறகு கூடுதலாகப் பிடிக்கும், கண்டுகொள்ளாமல் விட்டால் குழாயே போய்விடும் என்று எந்தப் பாய்லர் ஆப்பரேட்டரும் சொல்வார். அப்படிப்பட்டவர் அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் போய் நீலகிரி ரயிலில் ஏறினால் மலையைப் பார்க்கமாட்டார். இந்தப் பாய்லரைக் கழுவுவது யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்றுதான் கேட்பார்.

சரியான கேள்வி. நீராவி என்ஜினை ஓட்டுவதைவிட ஓடும் நிலையில் வைத்திருப்பதுதான் பெரிய வேலை. குளிர்ந்து கிடக்கும் பாய்லரில் பிரஷர் ஏறப் பல மணி நேரம் பிடிக்கும். வண்டி திரும்பியதும் சாம்பல் அள்ள வேண்டும். நாள் தவறாமல் எண்ணெய் விட வேண்டும், குறித்த இடைவெளியில் பாய்லரைத் திறந்து கழுவ வேண்டும். பிரிட்டனில் இதையெல்லாம் சம்பளமில்லாமல் செய்ய ஆட்கள் வருகிறார்கள். வேல்ஸில் மூடப்பட இருந்த தாலிலின் என்ற குட்டி ரயில் பாதையை 1951-ல் தன்னார்வலர்கள் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். அதைப் பார்த்துப் பல ஊர்களில் அப்படியே செய்தார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வழக்கம் வேர்பிடிக்கவில்லை. இரண்டு நாட்டிலும் என்ஜின் அரசாங்கச் சொத்து. ஆனால் அதை உயிரோடு வைத்திருக்கும் விதம் வேறு வேறு.

நீலகிரியில் நீராவி தப்பியதற்குக் காரணம் பாசமல்ல, ஏற்றம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-லும், உதகை வரை 1908-லும் திறக்கப்பட்ட 46 கிலோமீட்டர் மீட்டர்கேஜ் பாதை இது. கல்லாறு தாண்டியதும் ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி என்று செங்குத்தாக ஏறுகிறது. வெறும் சக்கரம் வழுக்கும் என்பதால் தண்டவாளத்தின் நடுவே பல்சட்டம் பதித்திருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலை இதற்கென்றே செய்த எக்ஸ் வகை என்ஜினில் நான்கு சிலிண்டர்கள். கீழே உள்ள இரண்டும் சாதாரணச் சக்கரங்களை உருட்டும். அங்கே வேலை முடித்த நீராவி வீணாகாமல் மேலே உள்ள இரண்டு சிலிண்டர்களுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். என்ஜின் வண்டிக்குப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு ஏறும். ஹில்குரோவ் போன்ற இடங்களில் நிறுத்தித் தண்ணீர் பிடிப்பார்கள். பல்சட்டம் முடியும் குன்னூருக்கு மேலே டீசல்தான் இழுக்கிறது. 'மூன்றாம் பிறை'யின் கடைசிக் காட்சியை நினைத்துக்கொண்டு அந்தப் பகுதியிலுள்ள கேத்தி நிலையத்தில் இறங்குகிறவர்களுக்கு அதில் ஒரு ஏமாற்றம் உண்டு.

மண் சரியாத நாளெல்லாம் வண்டி ஓடியாக வேண்டும் என்பதால் குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டரும் பாய்லர் வேலைக்காரரும் சம்பளப் பட்டியலில் இருந்தாக வேண்டியிருக்கிறது. பெரிய பழுதுகள் திருச்சி பொன்மலைப் பணிமனைக்குப் போகும். அந்தப் பணிமனை பழுது பார்ப்பதோடு நிற்கவில்லை. 2011 முதல் புதிய எக்ஸ் வகை என்ஜின்களையே எண்ணெயில் எரியும்படி கட்டியது. 2021-ல் நிலக்கரியில் ஓடும் ஒன்றையும் கட்டிக் கொடுத்தது. உலகம் நீராவியைக் கைவிட்டுப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு, தினசரி வண்டிக்காகப் புது நீராவி என்ஜின் கட்டும் அரசுப் பணிமனை வேறெங்கும் எளிதில் அகப்படாது. 2005-ல் கிடைத்த யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் இதற்குக் கைகொடுத்தது. உதகையில் ஆர்வலர்கள் அறக்கட்டளை வைத்துக் குரல் கொடுத்தார்கள், மனு போட்டார்கள். ஆனால் ஸ்பேனர் பிடிப்பது ரயில்வே ஊழியர்தான்.

இலங்கை மலைநாட்டுப் பாதையும் லேசுப்பட்டதல்ல. கொழும்பிலிருந்து பதுளை போகும் வண்டி பட்டிப்பொலையில் 6,200 அடிக்கு மேல் ஏறுகிறது. ஆனால் ஏற்றம் அதிகபட்சம் 44 அடிக்கு 1 அடி. பல்சட்டம் வேண்டாம், டீசல் போதும். 1950-களில் இலங்கை ரயில்வே பொறியாளர் பி.டி. ரம்பல காலத்திலேயே டீசல் என்ஜின்கள் வந்து இறங்கின. அவற்றில் கனடா தந்தவை இன்றும் ஓடுவதைப் பார்த்தால் அவர் கணக்கு தப்பில்லை என்றுதான் தோன்றுகிறது. விளைவு, 1970-களோடு வழக்கமான நீராவி ஓட்டம் ஏறக்குறைய முடிந்துபோனது. இந்தியாவில் அகலப்பாதையின் கடைசி நீராவி வண்டி 1995 டிசம்பர் வரை ஓடியது. இந்த இடைவெளிதான் முக்கியம். இங்கே நீராவி அறிந்த கை இன்னும் இருக்கிறது. அங்கே அந்தத் தலைமுறை எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது.

அங்கே என்ஜினைப் பழைய இரும்புக்குப் போகாமல் காத்தது சுற்றுலா. ஜே.எஃப். டூர்ஸ் என்ற கொழும்பு நிறுவனமும் புகையிரதத் திணைக்களமும் சேர்ந்து 1986-ல் 'வைஸ்ராய் ஸ்பெஷல்' தொடங்கின. தெமட்டகொட ஷெட்டைச் சேர்ந்த பழைய என்ஜின்கள் உயிர் பெற்றன. முதல் இரண்டு பிரிட்டிஷ் ஆளுநர்களின் பெயர் தாங்கிய 340-ம் இலக்க 'ஃபிரடெரிக் நோர்த்', 251-ம் இலக்க 'சேர் தோமஸ் மெயிற்லண்ட்' இரண்டும் அவற்றில் அடங்கும். யாராவது முன்பதிவு செய்து பணம் கட்டினால் வண்டி புறப்படும். கட்டுகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டு ரயில் பிரியர்கள்.

இந்தியாவிலும் இந்த ரகம் உண்டு. 1855-ல் செய்த 'ஃபேரி குயீன்' என்ஜினைப் பெரம்பூர் லோகோ பணிமனைதான் 1997-ல் மறுபடி ஓட வைத்தது. அதன் சோடியான ஈ.ஐ.ஆர். 21-ஐ 2010-ல் ஓட வைத்தது. இவை எப்போதாவது ஒரு சுற்று வந்து ஷெட்டில் அடையும் வண்டிகள்.

என் கட்சி நீலகிரிப் பக்கம். இலங்கை ஏற்பாட்டில் அரசுக்குச் செலவு குறைவு, என்ஜினுக்கும் தேய்மானம் குறைவு. ஆனால் எப்போதாவது எரியும் நெருப்பில் புது ஃபயர்மேன் தொழில் பழக முடியாது. அங்கே குண்டு வெடித்த காலத்திலும் பொருளாதாரம் சரிந்த காலத்திலும் சுற்றுலாப் பயணி வரவில்லை. வராவிட்டால் பாய்லருக்கு வேலையும் இல்லை. தினமும் மலையேற வேண்டிய கட்டாயம்தான் குன்னூரில் கைத்தொழிலைக் காத்து வருகிறது.

இருந்தாலும் தெற்கு ரயில்வேயிடம் ஒன்று கேட்க வேண்டும். படிவு, சேஃப்டி வால்வு, புளோ டவுன் என்று வாழ்நாளெல்லாம் புழங்கி, சான்றிதழ் பெற்று, ஓய்வும் பெற்ற பாய்லர் ஆப்பரேட்டர்கள் இந்தப் பின்னலாடைப் பகுதியில் நிறைய இருக்கிறார்கள். பாலிடெக்னிக் மாணவர்களும் இருக்கிறார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவர்களைக் குன்னூர் ஷெட்டுக்குள் விட்டு, ஊழியர் மேற்பார்வையில் துடைக்கவும் கழுவவும் எண்ணெய் விடவும் பழக்குங்கள். கூலி வேண்டாம், மதியச் சாப்பாடு போட்டால் போதும்.