எக்ஸ்டெர்னாலிட்டி: சொல்லின் பொருளும் தமிழ் வழக்கும்

எக்ஸ்டெர்னாலிட்டி என்பது பொருளியலில் வழங்கும் ஓர் ஆங்கிலக் கலைச்சொல் ஆகும். ஒருவர் ஒரு பொருளை உற்பத்தி செய்வதாலோ நுகர்வதாலோ, அந்தக் கொடுக்கல் வாங்கலில் பங்கில்லாத வேறொருவருக்கு நன்மையோ தீமையோ ஏற்படலாம். அது பொருளின் விலையில் கணக்கிடப்படாமல் போனால் அதற்கு இப்பெயர். தமிழில் இதனைப் புறவிளைவு என்பர். மேல்நிலைப் பள்ளிப் பொருளியலிலேயே மாணவர்கள் சந்திக்கும் சொல் இது. ஆயினும் பக்கவிளைவு, மாசுபாடு, வெளிப்புறத் தன்மை என்றெல்லாம் பொருள் கொண்டு எழுதும் வழக்கமும் உள்ளது. இவ்வழக்குகள் பொருந்துமா என்பதை ஆராய, சாயத் தொழிலும் நொய்யல் ஆறும் சேர்ந்த திருப்பூரை விடச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் இல்லை எனலாம்.

சொல் வந்த வழி

ஆல்பிரட் மார்ஷல் 1890 இல் வெளியிட்ட பொருளியல் நூலில், ஒரு நிறுவனம் தன் திறமையால் பெறும் ஆதாயத்தையும், தொழில் முழுவதும் வளர்வதால் அந்நிறுவனத்துக்குப் புறத்திலிருந்து கிடைக்கும் ஆதாயத்தையும் பிரித்துக் காட்டினார். அவருடைய மாணவர் ஆர்தர் பிகு 1920 இல், தனியார் கணக்குக்கும் சமுதாயக் கணக்குக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்கி, தீமை விளைவிப்போர் மீது வரி விதிக்கலாம் என்றார். எக்ஸ்டெர்னாலிட்டி என்ற சொல் 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவியது. இச்சொல் நன்மையைச் சுட்டிய கருத்திலிருந்து பிறந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பக்கவிளைவு என்பது ஏன் பொருந்தாது

மாத்திரை சாப்பிடுபவருக்கே அதன் பக்கவிளைவு வருகிறது. நோயும் அவருடையது, குணமும் அவருடையது, வயிற்று எரிச்சலும் அவருடையது. புறவிளைவோ அப்படிப்பட்டதன்று. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்பு தேவை. சாதாரணச் சுத்திகரிப்பில் நிறத்தைப் போக்கிவிடலாம். நீரில் கரைந்த உப்பு போகாது. அந்த உப்புநீர் நொய்யலில் கலந்தபோது, நட்டம் சாயப்பட்டறைக்கும் இல்லை, பனியன் வாங்கியவருக்கும் இல்லை. மண்ணரை போன்ற கரையோரப் பகுதிகளைக் கடந்து கீழே சென்று, பனியன் வியாபாரத்தில் எந்தத் தொடர்பும் இல்லாத விவசாயியின் கிணற்றிலும் வயலிலும் அது இறங்கியது. 1992 இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, பாசனத்துக்கு நீர் திறக்க வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை சில ஆண்டுகளில் வந்தது.

இதைப் பக்கவிளைவு என்று எழுதினால், தொழில் வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்ற பொருள் வந்துவிடுகிறது. யார் செயலால் யாருக்கு நட்டம் என்ற கேள்வி மறைகிறது. எக்ஸ்டெர்னாலிட்டி என்ற சொல்லின் பயனே அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதுதான்.

மாசுபாடு என்பதும் முழுப் பொருள் ஆகாது

மாசுபாடு தீய புறவிளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே. நல்ல புறவிளைவும் உண்டு; அதற்கும் திருப்பூரே சான்று. நிட்டிங், சாயம், கட்டிங், தையல், காஜா, செக்கிங் எனப் பல வேலைகள் தனித்தனி யூனிட்டுகளில் நடக்கின்றன. ஜாப் ஒர்க்குக்குக் கூலி கொடுப்பது சந்தைப் பரிமாற்றம். அது புறவிளைவு ஆகாது. ஆனால் ஒரு கம்பெனியில் கைபழகிய டெய்லர் மறுமாதம் இன்னொரு கம்பெனிக்குச் செல்கிறார். முதலாமவர் கற்றுக்கொடுத்ததன் பயனை இரண்டாமவர் பெறுகிறார். அதற்கு அவர் முதலாமவருக்கு எதுவும் தருவதில்லை. மார்ஷல் சொன்ன புற ஆதாயம் இதுவே. மாசுபாடு என்று மட்டும் மொழிபெயர்த்தால் சொல்லின் பாதி போய்விடும்.

விலை ஏற்றம் புறவிளைவா

மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. நூல் விலை ஏறினால் பனியன் கம்பெனிக்கு நட்டம். ஆனால் அதே தொகை நூல் விற்பவருக்கு வரவு. பனியன் கம்பெனிகள் பெருகி ஓர் ஊரில் வீட்டு வாடகை உயர்ந்தாலும் நிலை அதுவே. இங்கே விளைவு விலை வழியாகவே வருகிறது. இதனைப் பொருளியலார் பண வழிப் புறவிளைவு என்று தனியே பிரிப்பர். ஜேக்கப் வைனர் 1931 இல் இவ்வேறுபாட்டை விளக்கினார். அடைமொழி இல்லாமல் புறவிளைவு என்றால், விலைக்கு வெளியே நிற்கும் விளைவையே குறிக்கும்.

நீதிமன்றமும் இச்சொல்லும்

தீய புறவிளைவை அதை உண்டாக்கியவரின் செலவுக் கணக்குக்குள் கொண்டுவருவதை அகப்படுத்துதல் எனலாம். வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் 1996 இல் வலியுறுத்தியது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு சூழலைச் சீர்செய்யும் செலவும் இதில் அடங்கும் என்றது. அதையொட்டி அமைந்த சூழல் இழப்பு ஆணையம், நொய்யல் பாசன விவசாயிகள் 28,596 பேருக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் இழப்பீடு என 2004 இல் கணக்கிட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாக உயரும் தொகையைச் செலுத்த உத்தரவிட்டது. பிகு நூலில் எழுதிய வரியின் சாயலை இதில் காணலாம். 2011 ஜனவரியில், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டும் வரை சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணை வந்தது.

ரொனால்டு கோஸ் 1960 இல் வேறொரு கருத்தை முன்வைத்தார். உரிமை தெளிவாக இருந்து, பேச்சுவார்த்தைக்குச் செலவும் இல்லையென்றால், இரு தரப்பும் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ள முடியும் என்பது அதன் சாரம். நூற்றுக்கணக்கான பட்டறைகளும் 28,596 விவசாயிகளும் ஒரு மேசையில் உட்கார இயலாது. எந்தப் பட்டறையின் உப்பு எந்தக் கிணற்றில் இறங்கியது என்பதையும் பிரித்தறிய இயலாது. நீதிமன்றம் தலையிட நேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மதிப்பீடு

இன்றுள்ள சொற்களில் புறவிளைவு என்பதே ஏற்றது. புறம் என்ற பகுதி, விளைவு பரிமாற்றத்துக்கு வெளியே நிற்பதைக் காட்டுகிறது. விளைவு என்பது நன்மை தீமை இரண்டுக்கும் இடம் தருகிறது. வெளிப்புறத் தன்மை என்பது அகராதிப் பொருளாகலாம், பொருளியலுக்கு உதவாது. எனினும் புறவிளைவு என்று தனியே எழுதினால் பொருள் முற்றுப்பெறாது. நல்லதா தீயதா என்ற அடைமொழியும், யாரால் யாருக்கு என்ற விளக்கமும் உடன் வர வேண்டும். ‘நொய்யலில் புறவிளைவு ஏற்பட்டது’ என்பது குறையுள்ள வாக்கியம். ‘சாயப்பட்டறைகளின் உற்பத்தியால் நொய்யல் பாசன விவசாயிகளுக்குத் தீய புறவிளைவு ஏற்பட்டது’ என்பதே சரியான வழக்கு ஆகும்.