பாதிக் கதை

பிரயாணிகளுக்கு ஊரைக் காட்டுவதும் கதை சொல்லுவதில் ஒரு வகைதான். நாவலையும் சிறுகதையையும் எடை போடுகிற நாம் அதையும் எடை போட்டுப் பார்க்கலாம். செட்டிநாட்டுக்கு வருகிறவர்களுக்கு இன்று சொல்லப்படும் கதையை எடுத்துக்கொள்ளுகிறேன்.

காரைக்குடி, கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று மூன்று ஊர்; பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெள்ளை கலந்து பூசிய சுவர்; மத்தியானம் வாழையிலையில் சாப்பாடு. கதை அவ்வளவுதான். வழிகாட்டி சொல்வதும் இதுதான், விளம்பரத் தாள் சொல்வதும் இதுதான். கைபேசிக்குள் வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவைக் கேட்டாலும் பெரும்பாலும் இதையே தடுமாறாமல் ஒப்பிக்கிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் எழுதி வைத்ததைத்தானே அது படித்திருக்கிறது!

இந்தக் கதையில் பொய் இல்லை, மனிதர்கள்தாம் இல்லை. தூணைக் காட்டுகிறார்கள், தூண் வாங்கிய பணம் வந்த வழியைக் காட்டுவதில்லை. கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 பங்காயிற்று. நெல் விலை விழுந்து, கடன் வாங்கிய விவசாயி திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் நிலத்தை விட்டான். வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியிருந்தது பணம். வந்து சேர்ந்தது நிலம். 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். இந்தியர்கள் பல்லாயிரம் பேர் கால்நடையாகவே காடு மலை தாண்டி ஊர் திரும்பினார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலங்களைத் தேசிய உடைமையாக்கச் சட்டம் செய்தது. இரண்டு பக்கமும் கண்ணீர் உள்ள கதை இது.

இலக்கியம் இந்த விஷயத்தைக் கண்டு ஒதுங்கவில்லை. சிங்கம்புணரியில் பிறந்து, மேடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்தவர் ப. சிங்காரம். 1972-ல் வெளிவந்த அவருடைய 'புயலிலே ஒரு தோணி' நடப்பது சுமத்ராவிலும் பினாங்கிலும். ஆனால் கொண்டுவிற்கப் போன தமிழனின் ஆசையும் தனிமையும் அதில் இருக்கின்றன. அந்த நாவலைப் படித்தவனுக்கு ஒரு செட்டிநாட்டு வீட்டின் திண்ணை வேறு மாதிரி தெரியும்.

இனி அமராவதிபுதூருக்கு வருவோம். காரைக்குடிக்குப் பக்கத்து ஊர்தான். பிரயாணிகளின் கார் அங்கே அநேகமாக நிற்பதில்லை. கண்ணதாசன் சிறு வயதில் படித்த குருகுலம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கைம்பெண்களின் மறுமணத்துக்காக வாதாடி, 'மாதர் மறுமணம்' என்று பத்திரிகையே நடத்திய சொ. முருகப்பா பெண்களுக்காக இல்லம் கண்டதும் இங்கேதான். ஆயிரம் ஜன்னல் வீடு இருக்கும் சீமையில் பெண்களுக்குத் தனியாக ஓர் இல்லம் எதற்கு வேண்டியிருந்தது? இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு மாளிகைகளின் இரண்டாம் கட்டுக்குள் போய்ப் பாருங்கள். அப்போதுதான் அங்கே மனிதர்கள் வாழ்ந்தது தெரியும்.

சுற்றுலா செய்த நன்மையை நான் மறுக்கவில்லை. பங்காளிகள் பல ஊர்களுக்குப் பிரிந்துபோய், பராமரிக்க ஆளில்லாமல் கிடந்த வீடுகள் சில இன்று விடுதிகளாகப் பிழைத்திருக்கின்றன. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. ஆனால் பிழைக்காத வீடுகள் எத்தனை! இடித்த வீட்டின் நிலையும் கதவும் தூணும் காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருக் கடைகளில் விலைக்குக் கிடைக்கின்றன.

இதற்கும் கதைக்கும் சம்பந்தம் உண்டு. கதை வெறும் தூணைப் பற்றியது என்றால், தூணைப் பெயர்த்துச் சென்னை ஓட்டலில் நிறுத்தினாலும் கதை முடிந்துவிடும். கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வளவைச் சுற்றிவர இப்போது யந்திரமும் இருக்கிறது. ஊருக்கு வரவே வேண்டாம். பெயர்க்க முடியாதவை வேறே. வறண்ட பூமியில் பெய்த மழையை ஓட்டுச் சரிவு வழியாக வளவில் இறக்கி, அண்டாக்களில் பிடித்து, மிச்சத்தை ஊருணிக்கு அனுப்பிய ஏற்பாடு ஒன்று. அந்த வளவில் கணவனின் கடிதத்துக்குக் காத்திருந்தவளின் வாழ்வு இன்னொன்று. இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிரயாணி, விடுதி நீச்சல் குளத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றும் கேட்பான். கேட்கட்டும், ஊர் நிலைக்க அந்தக் கேள்வி நல்லது.

கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற மனிதர், பிறர் குப்பை என்று தள்ளிய அச்சுத் தாள்களையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1994-ல் சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. அவர் செய்ததை ஒவ்வொரு வீடும் செய்யலாம். பரணில் கிடக்கும் பேரேட்டையும், ரங்கூன் கடிதங்களையும் படம் எடுத்து வைக்கலாம்; ஆச்சிகள் சொல்லுவதை ஒலிப்பதிவு செய்யலாம். யந்திரத்தைப் பயன்படுத்த நல்ல இடம் இது. ஆனால் ஆச்சிகளுக்கு வயதாகிக்கொண்டே வருகிறது. வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் அடுத்த விளம்பரத் தாளை அச்சடிக்குமுன் அவர்களிடம் போய் உட்காரட்டும்.